வெளியில் உள்ள பெட்டி: 1

ஆவி, பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, என் பிழைப்பு அப்படி. உத்திரமேரூரில் சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி, சாமியானா, சேர் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடையில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில்தான் அந்த இரண்டு பெட்டிகளும் நிற்கும். எத்தனையோ பேரைச் சுமந்த பெட்டிகள், அதன்மேலே டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் கிடையாது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நடந்தது ராத்திரிகூட இல்லை. மத்தியானம் இரண்டேகால் மணி, தெருவில் நாய்கூடப் படுக்க முடியாத சித்திரை வெயில், எதிரே டீக்கடையில் வடை சட்டியில் எண்ணெய் காய்கிற வாசனை. அப்படி ஒரு நேரத்தில் நடந்தது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும், அது இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவன், டைப்பிங் லோயர் பாஸ். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி. கடையில் என் வேலை, பெட்டி கேட்டு போன் வந்தால் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. முன்பு இருந்தவர் யாரோ செய்து வைத்த ஒரு டேட்டாபேஸ் ஃபைல், அதில் ஒரே ஒரு டேபிள். இறந்தவர் பெயர், ஊர், போன் நம்பர், பெட்டி போன தேதி, திரும்பிய தேதி. அவ்வளவுதான். புது வருடம் பிறந்தால், போன வருடத்துக்கு முந்தின வரிகளை அழித்துவிடுவேன். ஆனால் சாவு வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் யாரும் இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எங்கம்மா பூட்ச்சி" என்பார்கள், "பெருசு தவறிட்ச்சி" என்பார்கள். முதல் நாள் அந்தப் பெயரை வாயில் எடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. ஆனால் தங்கள் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வார்கள், "நான் காவாந்தண்டலம் முனியம்மா", "நான் பழையசீவரம் தேவராஜ்" என்று. அழுதுகொண்டே பேசுகிறவரிடம் "இறந்தவங்க பேர் இன்னாங்க" என்று கேட்க எனக்கு நாக்கு எழுந்ததே இல்லை. கேட்காமல் விட்டேன். இறந்தவர் பெயர் என்கிற இடத்தில் பேசியவர் பெயரையே அடித்துவிடுவேன். பதினோரு வருடமும் அப்படித்தான். பெட்டி போகும், வரும், யார் பெயராக இருந்தால் என்ன என்று யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

அதில் ஒரு வரி என்னுடையது. போன வைகாசியில் என் மனைவி சரஸ்வதி போய்விட்டாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, "கல்பனாப்பா, நெஞ்ச புட்ச்சிக்கினு கீது" என்று சுவரோரம் உட்கார்ந்தாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கல்பனா எங்கள் ஒரே மகள், வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்குப் பெட்டி எடுக்க நானே கடைக்கு வந்தேன். முதலாளி, "நீ இன்னாத்துக்குய்யா வந்த, வூட்டுக்குப் போ" என்று திட்டினார், ஆனால் நான் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டு விவரத்தை ஏற்றிவிட்டுத்தான் எழுந்தேன். கை தானாக அடித்தது. பெட்டி கேட்பது யார்? நான். அதனால் இறந்தவர் பெயர்: ஏகாம்பரம். மறுநாள் பெட்டி திரும்பிவிட்டது. மூன்று நாள் கழித்து வந்து திரும்பிய தேதியையும் நானே போட்டேன், அப்போதுதான் பெயரைக் கவனித்தேன். மாற்றியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. அவள் பெயரை அந்தக் கட்டத்தில் என் கையால் அடிக்க முடியவில்லை, எழுதாத வரைக்கும் ஏதோ பாக்கி இருப்பது போல ஒரு நினைப்பு. பதினோரு மாதம் அப்படியே விட்டு வைத்தேன். தப்புகளிலேயே அந்த ஒன்றைத்தான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், கட்டின பெண்டாட்டி பெயரை அவள் செத்த அன்றைக்குக்கூட எழுதாதவன் என்று.

இதற்கு நடுவில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கடையில் ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துக் கொடுக்கிறோம், பெட்டி போன வீடுகளில் ஒரு வருடம் ஆகும்போது நாமே போன் செய்து முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ் வேண்டுமா என்று கேட்கலாமே என்று. அதற்கு ஒரு புரோகிராம் எழுதச் சொல்லித் தன் அக்கா மகள் மஞ்சுளாவிடம் சொன்னார். மதுராந்தகத்தில் வேலை செய்கிற பெண், கெட்டிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அன்றைக்குக் காலையில் லேப்டாப்போடு வந்து கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முதலாளி ஃப்ளெக்ஸ் ரோல் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார்.

"இது புதுசா ஒன்னும் பண்ணாதுண்ணே" என்றாள். "பழைய ஃபைல்ல இன்னா கீதோ அத்த ஒவ்வொரு வரியா எட்து ஸ்க்ரீன்ல வெக்கும். படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. அதுல இல்லாதது இதுல வராது. திரும்பன தேதி காலியா இருந்தா அந்த வரி செவப்பா தெரியும், வெளிய எத்தினி பெட்டி கீதுன்னு மேல நம்பர் வரும். அவ்ளோதான்."

பட்டனை அழுத்தினாள், பட்டியல் வந்தது. மேலே 'வெளியில் உள்ள பெட்டி: 0' என்று இருந்தது. சரிதான், இரண்டும் பின்னால் நின்றன. டேபிளில் எத்தனை வரி, இங்கே எத்தனை வரி என்று சரிபார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஒரு நிமிசம்ண்ணே. டீக்கட பாஸ்கர்னு போட்ருக்கு. தோ, எதுர்ல வட போட்டுக்கினு கீறாரே, அவுரா? இவுரு எப்பண்ணே செத்தாரு?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. "செத்தது அவுங்க அம்மா. நான் பேர் கேக்கலம்மா."

"கேக்கலன்னா?"

"அழுதுக்கினு பேசுவாங்கம்மா. எப்டிக் கேக்கறது?"

"அப்ப இந்த லிஸ்ட்ல கீறவங்கல்லாம்..."

"எல்லாரும் உயிரோடதாம்மா கீறாங்க."

துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். "பாஸ்கர் அண்ணனுக்கே போன் போட்டு, பாஸ்கருக்கு நெனவஞ்சலி வெக்கலாமான்னு கேப்பீங்களா? வடைய எட்து மூஞ்சிலயே அடிப்பாரு. மாமாவுக்கு மட்டும் தெர்ஞ்சிது, உங்கள அந்தப் பெட்டியிலயே வெச்சி ஊட்டுக்கு அனுப்பிடுவாரு." சிரித்துக்கொண்டே கீழே தள்ளிப் போனவள் ஏகாம்பரம் என்கிற வரியில் வந்து நின்றாள். சிரிப்பு போய்விட்டது. "இது அண்ணிதான?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மெதுவாக, "அண்ணி பேராவது போட்டிருக்கலாமேண்ணே" என்றாள்.

மாமாவிடம் சொல்ல மாட்டேன், இரண்டு நாளில் வருகிறேன், அதற்குள் ஒவ்வொருவரிடமும் கேட்டு டேபிளில் மாற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தனை வரியிலும் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். டேபிளைத் திறந்து என் வரிக்குப் போய், ஏகாம்பரத்தை அழித்து சரஸ்வதி என்று அடிக்க விரலை வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடியவில்லை என்று டேபிளை மூடிவிட்டு, மற்றவர்களுக்காவது போன் செய்வோம் என்று மஞ்சுளா எழுதின புரோகிராமைத் திறந்து பட்டனை அழுத்தினேன்.

பட்டியல் வந்தது. ஊர்கள் அதேதான், போன் நம்பர், தேதி எல்லாம் அதேதான். பெயர்கள்தான் வேறு. ஒன்றுகூட நான் அடித்தது இல்லை.

கண் சரியில்லை என்று நினைத்து முகம் கழுவி வந்தேன். காவாந்தண்டலம் என்கிற வரியில் முனியம்மா இல்லை, 'அஞ்சல நைனா', அதாவது அஞ்சலையின் அப்பா, என்று இருந்தது. பழையசீவரத்தில் தேவராஜ் இல்லை, 'குட்டிம்மா'. பாஸ்கர் இருந்த இடத்தில் 'பெரியபாப்பா'. புரோகிராமை அப்படியே விட்டு டேபிளைத் திறந்தேன், அங்கே முனியம்மா, தேவராஜ், பாஸ்கர் என்று நான் அடித்தது அடித்தபடி இருந்தது. திரும்ப இங்கே வந்தால் அஞ்சல நைனா. அதுல இல்லாதது இதுல வராது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. மின்விசிறி ஓடுகிறது, தெருவில் டெம்போ போகிறது, பாஸ்கர் யாரையோ சில்லறைக்குத் திட்டிக்கொண்டிருக்கிறார். நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயம் வரவில்லை. யார் உண்மையிலேயே இறந்தார்களோ அவர்கள் பெயர்தான் இது என்று ஏனோ தோன்றியது. பேனாவை எடுத்து வரிசையாக நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் எழுதின பிறகு, சரிதானா என்று பார்த்துவிடலாம் என்று முதலில் முனியம்மாவின் நம்பருக்குப் போட்டேன்.

"அஞ்சல நைனா வூடுங்களா? உத்தரமேரூர்ல பெட்டி வாடகைக் கடைங்க. அவுருக்கு வருசம் வருது இல்லிங்களா..."

"எப்பா, அந்தாள நான்தான் அப்டிக் கூப்டுவேன்" என்றது அந்த அம்மாள் குரல். "ஊர்ல எல்லாம் மேஸ்திரின்னுதான் சொல்லும். உனுக்கு யாருப்பா சொன்னது?"

"நீங்கதாம்மா, அன்னிக்கிப் பெட்டி கேக்கறப்ப."

"நான் எங்க பேசினேன்? எனக்கு வாயே வர்ல அன்னிக்கி. எம் பேரச் சொல்லி பக்கத்து வூட்டுப் பொம்பளதான் பேசிச்சி."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தேவராஜுக்கும் போட்டேன். வயலில் இருந்தார் போல, டிராக்டர் சத்தம் கேட்டது. குட்டிம்மா என்று நான் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது.

"யார்ணே நீங்க? எங்கம்மா பேரு மரியம்மா. அப்டிக் கூப்டறது எங்க நைனா மட்டும்தான். நைனா செத்தே பத்து வருசம் ஆவுது. அதுக்கப்பறம் அம்மாவ அந்தப் பேரு சொல்லிக் கூப்புட ஆளே இல்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைக்கப் போனேன். "வெக்காதீங்கண்ணே" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. "இன்னொருவாட்டி அந்தப் பேரச் சொல்லுங்க." சொன்னேன். "இன்னொருவாட்டி" என்றார். சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, இது ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள் இல்லை. இறந்தவரை அவருக்கு ரொம்ப வேண்டியவர், ஒரே ஒரு ஆள், எப்படிக் கூப்பிட்டாரோ அந்தப் பெயர். அப்படியென்றால் என் வரியில் என்ன இருக்கும்? ஊரெல்லாம் அவளை சரஸ்வதி என்றது, அவள் வீட்டில் சரசம்மா. 'சர்சு' என்று கூப்பிட்டது நான் ஒருத்தன்தான், அதுவும் வீட்டுக்குள்ளே, ஆள் இல்லாதபோது. பதினோரு மாதமாக அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லவில்லை. என்னால் எழுத முடியாததை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், கீழே போனால் இருக்கும், பார்க்கலாம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் எங்கேயோ நிற்கிறாள், நான் போய்ப் பார்க்கப் போகிறேன் என்பது போல. ஒவ்வொரு வரியாகக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். போன வருடம் தை, மாசி, பங்குனி, சித்திரை. வைகாசி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை மட்டும் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

அந்த வரி சிவப்பாக இருந்தது. ஊர் என் ஊர். போன் என் போன். பெட்டி போன தேதி அவள் போன தேதி. பெயர் 'கல்பனாப்பா'.

சரஸ்வதி ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள், நான் பக்கத்தில் இருந்தால் என் முழங்கையை இடிப்பாள். கல்பனா பிறந்த பிறகு நான் அவளுக்குக் கல்பனாப்பா. தெருவில் நான் ஏகா, கடையில் ஏகாம்பரம், மகளுக்கு வெறும் அப்பா. அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிற வாய் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

திரும்பிய தேதி காலியாக இருந்தது. நான் என் கையால் போட்ட தேதி.

பின்னால் திரும்பினேன், இரண்டு பெட்டிகளும் நின்றன. கண்ணாடி மூடியைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். டேபிளைத் திறந்தால் ஏகாம்பரம், திரும்பிய தேதியும் இருந்தது. புரோகிராமை மூடி மறுபடியும் திறந்து பட்டனை அழுத்தினேன். முனியம்மா, தேவராஜ், பாஸ்கர், ஏகாம்பரம். காலையில் பார்த்தது போலவே எல்லாம் வந்துவிட்டது, சிவப்பு எங்கேயும் இல்லை. அத்தனையும் பொய் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் நோட்டில் ஒரு பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மறுநாள் போன் செய்தேன். ஒரு பெயர்கூடத் தப்பில்லை. சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள், ஒரு பெரியவர் மட்டும் எதுவும் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அப்படியே அவர்களிடம் சரியான பெயரையும் கேட்டு டேபிளில் மாற்றினேன். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றினேன். கடைசியில் என் வரிக்கு வந்து சரஸ்வதி என்று அடித்தேன். இவ்வளவு நாள் முடியாதது, அன்றைக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. அடித்து முடித்துப் பார்த்தபோது யாரோ ஒருத்தியின் பெயரைப் போல இருந்தது.

சொன்னபடி மஞ்சுளா வந்தாள். திறந்து பார்த்து, "பேரெல்லாம் மாத்திட்டீங்களே, சூப்பர்ண்ணே" என்றவள் மேலே பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். 'வெளியில் உள்ள பெட்டி: 1' என்று இருந்தது.

"ரெண்டும் இங்கதான் கீது. டேபிள்ல ஒரு தேதிகூட காலியா இல்ல. எங்கேர்ந்து வருது இந்த ஒன்னு?"

இரண்டு மணி நேரம் நோண்டினாள். தன் லேப்டாப்பில் அதே ஃபைலைப் போட்டுப் பார்த்தாள், அங்கேயும் ஒன்று. வெறும் புது ஃபைல் செய்து வரிகளை அதில் மாற்றிப் பார்த்தாள், ஒன்று. "ஏதோ பக்குண்ணே, புரோகிராம்ல எங்கியோ தப்பு, அப்பறம் பாக்கறேன்" என்று போனவள் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு நான் பார்த்ததை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. முதலாளிக்கு இது ஒரு தமாஷ் ஆகிவிட்டது. யாராவது கடைக்கு வந்தால், "எனக்குத் தெரியாம ஏகா மூணாவது பெட்டி ஒன்னு வாங்கி எங்கயோ வாடகைக்கு வுட்டுக்கினு கீறான், கேட்டா வாயத் தொறக்க மாட்டன்றான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு பெட்டி வெளியே போனால் இரண்டு என்று காட்டும், இரண்டும் போனால் மூன்று. இரண்டும் திரும்பி வந்த பிறகும் அந்த ஒன்று மட்டும் நிற்கும்.

இப்போதெல்லாம் போன் வந்தால் முதலில் இறந்தவர் பெயரைத்தான் கேட்கிறேன். திட்டினாலும் கேட்கிறேன். கல்பனா, வாலாஜாபாத்துக்கு வந்து எங்களோடு இருப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், வருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். போக முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்ததும் கூடம், சின்னக் கூடம்தான். அன்றைக்குப் பெட்டி வைத்தது அதன் நடுவில், ப்ளக் எட்டுகிற இடமாகப் பார்த்து நானே வைக்கச் சொன்ன இடம். இப்போது அங்கே ஒன்றும் கிடையாது, வெறும் தரை. ஆனால் நான் அதன் குறுக்கே நடப்பதில்லை. முதுகைச் சுவரில் உரசிக்கொண்டு, இடித்துவிடக் கூடாது என்று, சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறேன்.